பதினாலாவது கட்டம்

ஸ்ரீனிவாசராகவனைக் கேட்காமல் அவருடைய உறவில் யாரும் ஃபிரிட்ஜ் வாங்கியதில்லை. வாஷிங் மெஷின், தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி, பெண்ணுக்கு எந்தக் கல்லூரி, எதுவானாலும் முதலில் அபிராமபுரத்துக்கு ஒரு போன் வந்துவிடும். "ராகவா, நீயே பார்த்துச் சொல்லிடு." அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்பார். கட்டம் போட்டு ஒரு அட்டவணை தயாரிப்பார். கடைக்காரர் சொன்னதை நம்பாமல் அந்தப் பொருளை வாங்கி இரண்டு வருஷமான ஆட்களைத் தேடிப் பிடித்து விசாரிப்பார். கடைசியில் ஒரு பெயர் சொல்வார். அது ஏமாற்றியதில்லை.

நாற்பத்தேழு வயதில் தன்னைப் பற்றி அவர் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த ஒன்றுதான். வேகமாக வேலை செய்கிற ஆள் இல்லை, பேச்சு சாமர்த்தியமும் கிடையாது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக இருந்தார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா, பெங்களூரு என்று கிளம்பிப் போனார்கள். இவர் தினமும் காலையில் நடந்தே ஆபீஸுக்குப் போய், நடந்தே திரும்பி வந்தார். ராகவன் பார்த்துவிட்டார் என்றால் அதில் இன்னொருவர் பார்க்க ஒன்றுமில்லை என்று ஆபீஸில் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது குனிந்து கீபோர்டைத் துடைப்பார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

போன வருஷம் ஜூன் மாதம் தொழில்நுட்பப் பிரிவின் தலைவி ஸஹானா அவரைக் கூப்பிட்டாள். அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவள், எதையும் நின்றுகொண்டே பேசி முடிப்பவள்.

"ராகவன், புதுசா ஒருத்தர் சேர்ந்தா அவங்க லேப்டாப்பை ரெடி பண்ணவே நாலு நாள் போயிடுது. எல்லாத்தையும் கன்டெய்னருக்கு மாத்திடலாம். எந்த டூல்னு நீங்க முடிவு பண்ணுங்க. ரெண்டு வாரம் போதுமா?"

"போதும்" என்றார் ராகவன்.

அவர்கள் எழுதும் மென்பொருள் ஓட வேண்டுமென்றால் கூடவே ஐந்தாறு துணை மென்பொருள்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட பதிப்புதான் ஆகும். ஒருவர் கணினியில் நன்றாக ஓடுவது பக்கத்து மேஜையில் ஓடாது, அதற்கே பாதி நாள் சண்டை. கன்டெய்னர் என்பது தேவையான எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு. எங்கே கொண்டுபோய்த் திறந்தாலும் உள்ளே இருப்பது மாறாது. அந்த டப்பாக்களைத் திறந்து ஓட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும். அதில்தான் பல வகை.

ராகவன் மூன்றை எடுத்துக்கொண்டார். முதலாவது பார்க்கவே அழகு. பொத்தானை அழுத்தினால் போதும், புதியவர் ஒரே நாளில் பழகிவிடலாம். ஆனால் திறந்த உடனே லேப்டாப்பின் மெமரியில் பாதியை வளைத்துப் போட்டுக்கொள்ளும். இரண்டாவதில் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். பழகக் கொஞ்சம் நாளாகும், ஆனால் மெமரி கொஞ்சம் போதும். மூன்றாவதில் எல்லாமே ஆபீஸ் சர்வரில் ஓடும், லேப்டாப் சும்மா ஒரு ஜன்னல் மாதிரி. சர்வர் படுத்தால் எல்லாரும் படுக்க வேண்டியதுதான்.

அட்டவணையில் பதினாலு கேள்விகள் எழுதினார். பதினாலாவது: 'பழைய லேப்டாப்புகளில் ஓடுமா?' ஆபீஸ் அலமாரியில் மெமரி குறைந்த ஆறு பழைய லேப்டாப்புகள் இருந்தன. புதுசு வாங்கத் தாமதமானால் அவைதான் கைகொடுக்கும்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை முதலாவது கருவியை எல்லாருக்கும் திரையில் ஓட்டிக் காட்டினார். அவருடைய புது லேப்டாப்பில் மூன்றே நிமிஷத்தில் மொத்த மென்பொருளும் எழுந்து நின்றது. ஒருவன் கைதட்டினான். உடனே முப்பது பேரும் தட்டினார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவருக்காக அந்த மாடியில் யாரும் கைதட்டியதில்லை. ஸஹானா, "அப்போ இதுதான், இல்லையா?" என்றாள். "இதுதான்" என்று சொல்லிவிட்டார். பதினாலாவது கட்டம் அப்போது காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து ஓட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆனது, இருபது ஆனது. மின்விசிறி ஓலமிட்டது. முப்பத்தெட்டாவது நிமிஷம் திரை அப்படியே உறைந்தது. அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார், மறுபடியும் அதே கதை. இந்த மெஷினில்தான் ஏதோ கோளாறு, திங்கட்கிழமை வேறொன்றில் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடி வைத்தார். அது உண்மையில்லை என்பது அந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். புதன்கிழமை விழுந்த கைதட்டலை எல்லார் எதிரிலும் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் அவருடைய யோசனையெல்லாம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸஹானா அறிக்கை கேட்டாள். ராகவன் பதினாலாவது கட்டத்தில் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினார். யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. அவர்தான் பார்த்துவிட்டாரே.

செப்டம்பரில் ரோஸி வந்து சேர்ந்தாள். முப்பத்தொன்பது வயது. பட்டினப்பாக்கத்தில் வீடு. அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்த பெண். அடையாறில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்திருந்தாள். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டாள். அவரை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டு, அவர் போன பிறகு மறுபடி வேலை தேடி வந்திருந்தாள். இன்டர்வியூவில் ராகவனும் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் நிதானமாக யோசித்துச் சரியாகச் சொன்னாள். அவளை எடுக்கலாம் என்று முதலில் சொன்னதே அவர்தான்.

புது லேப்டாப் வருவதற்குத் தாமதமானது. அலமாரியிலிருந்து பழையது ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மற்ற ஐந்தும் அலமாரியிலேயே கிடந்தன.

இரண்டாவது வாரம் ராகவன் காலையில் சீக்கிரம் ஆபீஸுக்குப் போன ஒரு நாள், கீழே மருந்துக்கடையின் மூடிய ஷட்டர் எதிரில் ரோஸி நின்றுகொண்டிருந்தாள். மணி ஏழரை.

"என்ன ரோஸி, இவ்வளவு சீக்கிரம்?"

"எனக்கு எல்லாம் ஓட ஆரம்பிக்கவே ஒரு மணி நேரம் ஆயிடுது சார். நடுவுல தொங்கிடுச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து. இப்பவே வந்து போட்டு வெச்சாத்தான் ஒன்பதரைக்கு எல்லாரோடவும் வேலை ஆரம்பிக்க முடியுது." மாடிப்படி ஏறும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், இது எனக்கு மட்டும்தான் இப்படி ஆவுதா? நான் எதாவது தப்பா பண்றேனா?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. அது ராகவனின் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பழைய லேப்டாப்பின் மின்விசிறிச் சத்தம் காதில் கேட்டது. ஆனால் சொன்னால் அறிக்கை வெளியே வரும், கட்டம் வெளியே வரும்.

"கொஞ்சம் பழகணும் ரோஸி. ஏழு வருஷ இடைவெளி இல்லையா? இதெல்லாம் புதுசு. போகப் போக சரியாயிடும்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ராகவன் அவளிடம் ரொம்பப் பொறுமையாக நடந்துகொண்டார். அவள் மேஜைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததையே மறுபடி சொல்லிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். இன்னொரு லேப்டாப் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு தடவை வாக்குக் கொடுத்தார், கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும். ரோஸி சின்ன நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பதை அவள் மூன்று நாளில் முடித்தாள். முடித்ததில் பிழை இருக்காது. ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மூன்று மாத ப்ரொபேஷன் முடிந்தது. சின்ன அறையில் ஸஹானாவும் ராகவனும் மட்டும்.

"நல்லவங்கதான், ஆனா ரொம்ப ஸ்லோ" என்றாள் ஸஹானா. "லேப்டாப்ல பிரச்சினைன்னு ஒரு தடவை சொன்னாங்க. உங்க அறிக்கையைப் பார்த்தேன், பழைய மெஷின்லயும் சரின்னு போட்டிருக்கீங்க. டூல்ல எதாவது இருக்கா?"

கடவுளே கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. ராகவன் மேஜையின் விளிம்பைப் பார்த்தார்.

"மத்தவங்க எல்லாருக்கும் நல்லாத்தான் ஓடுது" என்றார்.

அது பொய்கூட இல்லை. மற்ற எல்லாரிடமும் புது லேப்டாப்.

வேலை உறுதியாகாமல் வெள்ளிக்கிழமை ரோஸி போய்விட்டாள். போகும் முன் அவர் மேஜைக்கு வந்தாள். அழவெல்லாம் இல்லை. "இவ்ளோ பொறுமையா யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க சார். எனக்குத்தான் மண்டையில ஏறல. தேங்க்ஸ்" என்று சொல்லி, லேப்டாப்பை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

லேப்டாப்பைத் திறந்தபோது கீபோர்டின் மேல் ஒரு தாள் இருந்தது. கையெழுத்து குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல். எந்த வரிசையில் எதைத் திறந்தால் கொஞ்சம் குறைவாகத் தொங்கும், எதை எப்போது அணைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று பதினோரு குறிப்புகள். அந்தக் கருவி தொடக்கத்திலேயே மெமரியில் பாதியைப் பிடித்துவிடுகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்து எழுதியிருந்தாள். கடைசியில், 'நான் செய்வதில் ஏதோ தவறு இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. அடுத்து இதை வாங்குபவருக்கு உதவலாம்' என்று இருந்தது.

ராகவன் அதை ஒவ்வொரு குறிப்பாகப் படித்து முடித்தார். பிறகு அதே லேப்டாப்பில் இரண்டாவது கருவியைப் போட்டு ஓட்டினார். நாலு நிமிஷத்தில் எல்லாம் எழுந்துவிட்டது. திரை உறையவில்லை, மின்விசிறி சத்தமே போடவில்லை. ஜூன் மாதம் இதை ஓட்டிப் பார்க்க இன்னும் ஒரு மதியம் செலவழித்திருந்தால் போதும்.

அந்த வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஜலஜா, மிக்ஸி ஜார் உடைந்துவிட்டது, எந்த மிக்ஸி வாங்கலாம் என்று கேட்டாள். "உனக்குப் பிடிச்சதை வாங்கு" என்றார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பதிலை அவள் கேட்டதில்லை. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வாரமா ஆத்துல பேயறைஞ்சாப்ல உக்காந்துண்டிருக்கேள். என்ன ஆச்சு?"

சொன்னார். கைதட்டலிலிருந்து தாள் வரை ஒன்றும் விடவில்லை. ஜலஜா பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள். மாணவர்கள் பரிசோதனை செய்யாமலே விடையை எழுதிக்கொண்டு வந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் முகத்தில் பரிவு வரும் என்று ராகவன் எதிர்பார்த்தார். வரவில்லை.

"இதை அவகிட்ட சொன்னேளா?"

"இன்னும் இல்லை."

"எங்கிட்ட சொல்றது ஈஸி. நான் எங்கயும் போயிட மாட்டேன்." எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். போகிற போக்கில், "நாளைக்கு ஆபீஸ்ல முதல்ல சொல்லுங்கோ. அப்புறம் அவாத்துக்குப் போங்கோ" என்றாள்.

மறுநாள் ஸஹானா முழுக்கக் கேட்டாள். அவருக்குத் திட்டு விழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி, டூலை மாத்திடலாம். டாக்குமென்ட்ல அந்த ஒரு கட்டத்தைத் திருத்திடுங்க" என்றாள்.

"ரோஸி?"

"அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு ராகவன். இதை இப்போ கிளறினா நானும் ரிவ்யூல கையெழுத்துப் போட்டவ."

"நான் எழுத்துல குடுக்கறேன். என் பேர்ல."

அன்று மதியமே எழுதி, நிர்வாகத்துக்கும் டீமுக்கும் அனுப்பினார். மாலைக்குள் படித்தவர்கள் எல்லாரும் அவர் கண்ணைத் தவிர்த்தார்கள். இரண்டு நாள் கழித்து ஸஹானா வந்து, இன்னொரு இடம் உருவாக்கலாம், ரோஸிக்கு விருப்பமானால் வரட்டும் என்றாள். கூடவே, இனிமேல் கருவிகள் தேர்வு செய்யும் பொறுப்பை வேறொருவர் பார்ப்பார் என்றும் சொன்னாள். ராகவன் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கம் போனார். குடியிருப்பின் இரண்டாவது மாடி. மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்த ரோஸி கதவைத் திறந்து, ஆச்சரியப்பட்டு, உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய அம்மா வாசலில் வலைப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ராகவன் தண்ணீரைக் குடிக்கவில்லை. வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "ரோஸி, உங்க மேல ஒரு தப்பும் இல்லை. அந்த லேப்டாப்ல அந்த டூல் ஓடாது. எனக்கு ஜூன் மாசமே தெரியும்" என்றார்.

அவள் சிரிக்கப் போனாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"இன்னா சார் சொல்றீங்க?"

முழுவதையும் சொன்னார். முடிந்ததும் ரோஸி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள்.

"சரின்னு எழுதும்போது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"அன்னிக்குப் படிக்கட்டுல நான் கேட்டேனே. எனக்கு மட்டும் இப்படியான்னு. அப்பவும் தெரியும்?"

"அப்பவும் தெரியும்."

"தெரிஞ்சுகினே ஏழு வருஷ இடைவெளின்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "எங்கப்பாவப் பாத்துகினு இருந்த ஏழு வருஷத்துல என் மூளை மழுங்கிப்போச்சுன்னு நெனச்சேன் சார். டாக்டர்கிட்ட போனேன். தைராய்டு டெஸ்ட், அது இதுன்னு எழுதிக் குடுத்தாரு. ரிப்போர்ட்டை நம்ம சாஃப்ட்வேர்லதான் அடிச்சுக் குடுத்தான் அந்த லேப்ல. எல்லாம் நார்மல்னு வந்துச்சு. நார்மலா இருந்தா அப்போ நான் இயற்கையாவே முட்டாள்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு எடத்துல இன்டர்வியூக்குக் கூப்டாங்க, போவல."

வாசலில் தண்ணீர் சத்தம் நின்றிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல உங்களுக்குத் திரும்ப இடம் தரேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க வந்தா..."

"அங்க நான் எப்டி சார் வருவேன்?"

ராகவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம். நடந்ததை எழுதிக் குடுங்க. போற எடத்துல மூணு மாசத்துல ஏன் நின்னேன்னு கேப்பாங்க. காட்டணும்."

அங்கேயே உட்கார்ந்து, அவள் கொடுத்த தாளில் எழுதினார். ரோஸி வாங்கி நின்றபடியே படித்தாள். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள். "'சோதனையில் ஏற்பட்ட தவறு காரணமாக'ன்னு போட்டுகீறீங்க. தவறு தானா ஏற்படல சார். நீங்க செஞ்சீங்க. அப்டியே போடுங்க."

ராகவன் வேறு தாள் வாங்கி முதலிலிருந்து எழுதினார். 'பழைய லேப்டாப்பில் அது ஓடவில்லை என்பதை நான் பார்த்தேன். ஓடுகிறது என்று எழுதினேன். ரோஸி என்னிடம் கேட்டபோதும் மறைத்தேன்.' கையெழுத்துப் போட்டு, போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு கதவு வரை வந்தாள். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. வாசலில் அவளுடைய அம்மா நகர்ந்து வழிவிட்டார். வெயிலில் அடையாறு வரை நடந்த பிறகுதான், வீட்டுக்குப் போகாமல் வேறு திசையில் வந்துவிட்டோம் என்பது ராகவனுக்கு உறைத்தது.

பிப்ரவரியில் கிண்டியிலிருந்து ஒரு போன். அங்கே ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பெண் பேசினாள். ரோஸி ஒரு கடிதம் காட்டியிருக்கிறார், அதிலிருப்பது உண்மையா என்று கேட்டாள். ராகவன் மொட்டை மாடிக்குப் போய் இருபது நிமிஷம் பேசினார். அவள் எழுதிய பதினோரு குறிப்புகளைப் பற்றிச் சொன்னார். ஒத்துவராத கருவியை வைத்துக்கொண்டு பிழையில்லாமல் வேலை முடித்தவர் என்று சொன்னார். "சார், இதை நீங்களே உங்களைப் பத்திச் சொல்றீங்களா?" என்று அந்தப் பெண் இடையில் ஒரு தடவை கேட்டாள். "ஆமாம்மா" என்றார். வேலை கிடைத்ததா என்று கேட்க அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆபீஸில் இப்போது எல்லாரும் இரண்டாவது கருவியைத்தான் ஓட்டுகிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்ததாக வேறொருவர் பெயர் இருக்கிறது. உறவினர்கள் போன் செய்தால் ராகவன், கடையில் நேரே போய்ப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறார். தலைக்கனம் வந்துவிட்டது என்று அவர்கள் பேசிக்கொள்வதாக ஜலஜா சொன்னாள்.

ஜூலையில் ஒரு காலை. மந்தைவெளி பஸ் நிலையத்தில் ரோஸியைப் பார்த்தார். கழுத்தில் புது அடையாள அட்டை. உள்ளுக்குள் பாரம் ஒன்று இறங்கியது போல இருந்தது. முழுவதும் இறங்கவில்லை. அவள் தன்னைத் தானே முட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்த மாதங்கள் அப்படியேதான் இருந்தன. எந்தக் கடிதத்தாலும் அவற்றை எடுக்க முடியாது. ஒதுங்கிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவளும் பார்த்துவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க சார்?" முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுகடுப்பும் இல்லை.

"இருக்கேன். நீங்க?"

"வேலைல இருக்கேன்."

பஸ் வந்தது. ரோஸி ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்து, பையிலிருந்து போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். பஸ் கிளம்பித் திரும்பும்வரை ராகவன் நின்றார். பிறகு மார்க்கெட் பக்கமாக நடந்தார். ஜலஜா வாழைக்காய் வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.